சுண்ணாம்பும் ரசீதும்: மும்பையில் கொள்ளைநோய்க் காலமும் ஏழையின் வீடும்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, 1978இல் தாய்மாமன் கடைக்கு வந்து சேர்ந்தவன். சுனாபட்டியில் பெயிண்ட், சுண்ணாம்பு, ஹார்ட்வேர் வியாபாரம். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

சுனாபட்டி என்ற பெயரைக் கேட்டதும் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கோவில்பட்டி, உசிலம்பட்டி போல இதுவும் ஒரு 'பட்டி' என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி அல்ல. மராட்டியில் சுனா என்றால் சுண்ணாம்பு. பட்டி என்றால் சூளை. நம் ஊர்ப் பேச்சில் சுண்ணாம்புக் காளவாய். ஊருக்கும் சுண்ணாம்பு, என் கடைக்கும் சுண்ணாம்பு. இந்த மாநகரத்தில் கொள்ளைநோய் வந்தபோதெல்லாம் அரசாங்கம் முதலில் கையில் எடுத்ததும் சுண்ணாம்புதான். அதற்குப் பிறகுதான் வீட்டைப் பற்றி யோசித்தது. அந்த யோசனை 1896 முதல் இன்றுவரை எப்படிப் போயிற்று, அதில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாண்ட்வியில் தொடங்கிய பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்விப் பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவா மருத்துவர் சில நோயாளிகளைப் பார்த்துவிட்டு இது பிளேக் என்று அறிவித்தார். மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டிய தானியச் சந்தை. கீழே கிடங்கு, மேலே மாடி மாடியாகக் குடித்தனம். தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியோடு நோயும் இருந்தது.

மாதங்கள் செல்லச் செல்ல மக்கள் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் நகரை விட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் 8,21,764 ஆக இருந்த பம்பாயின் மக்கள்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்துவிட்டது என்பதிலிருந்தே பாதிப்பின் அளவை அறியலாம். 1897 தொடக்கத்தில் தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. (இதே சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கும் எடுத்தார்கள்.) ஜெனரல் கடாக்ரே தலைமையில் பிளேக் குழு அமைந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். சில வீடுகளின் கதவில் 'யு.எச்.எச்.' என்று எழுதினார்கள். மனிதர் வசிக்கத் தகுதியற்ற வீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

இதில் ஒரு விந்தை உண்டு. பிளேக் கிருமியை யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் அது மனிதனுக்கு வருகிறது என்று சிமோன் கராச்சியில் காட்டியது 1898இல். அதை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே ஈரமும் இருட்டும் கெட்ட காற்றும்தான் நோய்க்குக் காரணம் என்று நினைத்தே அதிகாரிகள் வீடுகளை இடித்தார்கள். காரணம் தவறு. ஆனாலும் நெருக்கடியான வீட்டில் நோய் வேகமாகப் பரவும் என்று கண்ணால் கண்டது தவறில்லை. வீடும் ஒரு மருந்து என்பதை அந்த அளவில் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

டிரஸ்ட் இடித்ததும் கட்டியதும்

1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சட்டத்தால் உருவாயிற்று. நெருக்கடியான சந்துகளை இடிப்பது, அகலமான சாலைகள் போடுவது, வடக்கே புதிய குடியிருப்பு நிலங்களைத் திருத்துவது, ஏழைகளுக்குச் சுத்தமான வீடு கட்டுவது ஆகியவை அதன் வேலைகள். பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் மேற்குக் கடல்காற்று நகருக்குள் வரவேண்டும் என்ற எண்ணத்தோடு வெட்டப்பட்டவை.

இடிப்பது சீக்கிரம் நடந்தது. கட்டுவது மெதுவாக நடந்தது. இடிபட்ட வீட்டில் வாடகைக்கு இருந்த கூலிக்காரன் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். அவன் அடுத்த சந்துக்குப் போனான். அங்கே ஏற்கெனவே இருந்த கூட்டம் இரட்டித்தது, வாடகையும் ஏறியது. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கு நஷ்டஈடு உண்டு. வாடகைக்காரனுக்கு மாற்றிடம் உறுதியில்லை. நோயைத் துரத்துகிறோம் என்று ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றி வைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

டிரஸ்டின் நல்ல பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பின்னாளில் அதன் தலைவராக இருந்த ஓர் என்பவர் ஒவ்வொரு அறைக்கும் வானத்து வெளிச்சம் விழ வேண்டும் என்று வற்புறுத்தி 63½ டிகிரி விதி ஒன்றை முன்வைத்தார். எதிர்க் கட்டடம் எவ்வளவு உயரமோ அதற்கு ஏற்ற இடைவெளி விட வேண்டும் என்பதே அதன் சாரம். தாதர், மாட்டுங்காத் திட்டங்கள் இந்தக் காலத்தவை. ஐந்து தோட்டங்களும், கிங்ஸ் சர்க்கிள் என்று நாம் இன்னும் சொல்லும் மகேஸ்வரி உத்யானும், மரம் கவிந்த அகலத் தெருக்களும் பிளேக் தந்த கொடைகள். டிரஸ்ட் 1933இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது.

ரயில் பாதையின் இரு பக்கம்

நம்மவர் வரலாறு இங்கேதான் வந்து சேர்கிறது. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் 1920களில் மாட்டுங்காவில் குடியேறினார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த வாடகை கட்டியது. கோயில் வந்தது, பஜனை சமாஜம் வந்தது, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது.

அதே காலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி வளர்ந்தது. நகருக்குள் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தோல் பதனிடும் தொழில் அங்கே போயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் மக்கள் அந்தத் தொட்டிகளில் நின்று வேலை செய்தார்கள். சதுப்பு நிலத்தைக் குப்பை போட்டுத் தூர்த்து மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டார்கள். அவர்களுக்கு ஓர் சாகேபின் டிகிரி கணக்கு இல்லை. மாட்டுங்காவும் தாராவியும் வேறு வேறு கதைகள் என்றே நாம் பேசி வருகிறோம். ஒரே நகரம் தன் அழுக்கையும் நோயையும் வேலையையும் எங்கே வைப்பது என்று எடுத்த முடிவின் இரண்டு பக்கங்கள் அவை.

வாடகைச் சட்டமும் காலியாகக் கிடந்த சால்களும்

1918 ஜூனில் கப்பல் வழியாக இன்ஃப்ளூயன்சா பம்பாய்க்கு வந்தது. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். உலகப்போரால் வாடகை தாறுமாறாக ஏறியிருந்த அதே 1918இல்தான் பம்பாயின் முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது.

1920இல் கவர்னர் ஜார்ஜ் லாய்டு காலத்தில் பம்பாய் வளர்ச்சித் துறை, அதாவது நாம் இன்றும் சொல்லும் பி.டி.டி., தோன்றியது. 50,000 அறைகள் கட்டுவதாகத் திட்டம். இதற்காக நகருக்குள் வரும் ஒவ்வொரு பஞ்சுப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி போட்டார்கள். கட்டி முடித்தது வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 சால்கள். சாலுக்கு 80 அறை. அறைக்கு 160 சதுர அடி. தொடக்கத்தில் பல அறைகள் காலியாகக் கிடந்தன. அறை இருட்டு, வேலை தூரம், வாடகை அதிகம். 1930களில் வொர்லி சால்களில் சிலவற்றைச் சத்தியாக்கிரகிகளை அடைக்கும் தற்காலிகச் சிறையாகக்கூடப் பயன்படுத்தினார்கள். வீடு இல்லாத மக்கள் ஒரு பக்கம், ஆள் இல்லாத அரசாங்க வீடு இன்னொரு பக்கம். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்து மறுபடி வரும்.

'இருக்கிறவனுக்கே வீடு'

விடுதலைக்குப் பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947 வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரரைக் காத்தது. ஆனால் வாடகை உறைந்துபோனதால் புதிதாக வாடகைக்கு வீடு கட்டுகிறவர் இல்லாமல் போனார். பகடி முறை வேரூன்றியது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம், 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு, 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடி ரூபாய் நிதி (தாராவிக்கும் அதில் பங்கு), 1995இல் எஸ்.ஆர்.ஏ. என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

எஸ்.ஆர்.ஏ. திட்டத்தின் அடிப்படை நல்லது. குடிசையில் உண்மையாகக் குடியிருப்பவருக்கே புதுக் கட்டடத்தில் வீடு. குறித்த தேதிக்கு முன்பிருந்து இருப்பதற்குச் சான்று வேண்டும். அந்தத் தேதி முதலில் 1.1.1995, பிறகு 1.1.2000; அதற்குப் பிறகு வந்து 2011க்குள் குடியேறியவர்களுக்குப் பணம் கட்டினால் வீடு.

இந்த நல்ல விதியிலிருந்து ஒரு கெட்ட வழக்கம் பிறந்தது. இருப்பவனுக்கே வீடு என்றால், வாடகைக்கு இருப்பவன் கையில் காகிதம் இருக்கக் கூடாது என்று அறைக்காரர்கள் முடிவு செய்தார்கள். ரசீது இல்லை. கரண்டு பில் சொந்தக்காரர் பேரில். பதினொரு மாதம் ஆனால் ஆளை மாற்று. இத்தனைக்கும் வாங்கிய வாடகைக்கு எழுத்தில் ரசீது தரவேண்டும் என்பது மகாராஷ்டிராவின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, சந்தில் இல்லை.

2020: 57க்கும் 16க்கும் நடுவே

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர். பெரும்பாலோர்க்குப் பொதுக் கழிப்பறை. விலகி இருங்கள் என்றால் எங்கே விலகுவது? மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் நோயைத் தேடிப் போனார்கள். பள்ளிக்கூடங்களையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமை முகாம்களாக ஆக்கினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கவனித்தால், அந்த முகாமும் ஒரு வீடுதான். சில நாட்களுக்கு ஏழைக்குக் கிடைத்த, காற்று வருகிற ஓர் இடம்.

அந்த ஜூலையில் மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து இரத்தப் பரிசோதனை ஆய்வு ஒன்று நடத்தின. எடுத்துக்கொண்ட மூன்று வார்டுகளில் ஒன்று மாட்டுங்கா, ஒன்று செம்பூர், ஒன்று தகிசர். குடிசைப் பகுதியில் சுமார் 57 விழுக்காட்டினர்க்கு நோய் வந்துபோயிருந்தது. அதே வார்டுகளில் குடிசையல்லாத பகுதிகளில் 16 விழுக்காட்டினர்க்கு. நம் தெருக்களில் எடுத்த கணக்கு இது. ஒரே வார்டு, ஒரே மழை, ஒரே சந்தை. கூரைதான் வேறு. 1896இல் அனுமானமாகச் சொன்னதற்கு 2020இல் எண்ணிக்கை கிடைத்தது.

அரசாங்கம் செய்த உதவிகளைப் பார்ப்போம். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஏப்ரல் 17 அன்று மகாராஷ்டிர வீட்டுவசதித் துறை, வாடகையை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், யாரையும் வெளியேற்றாதீர்கள் என்றது. வீட்டுக்கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்டு வரை அவகாசம் அளித்தது. செப்டம்பர் முதல் மாநில அரசு முத்திரைத் தீர்வையை 5 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைத்தது. வீடு விற்பனை சூடு பிடித்தது. என் கடையிலும் பெயிண்ட் விற்றது, பொய் சொல்வானேன்?

கடன் வாங்கியவருக்கு வங்கிக் கணக்கு உண்டு, வீடு வாங்குகிறவருக்குப் பத்திரம் உண்டு. ஆதலால் அந்த உதவி போய்ச் சேர்ந்தது. வாடகைக்காரனுக்குக் கிடைத்ததோ வீட்டுக்காரன் மனசாட்சிக்கு விடுத்த வேண்டுகோள். வாடகையைத் தள்ளிப்போடு என்றார்களே தவிர அதை யார் கட்டுவது என்று சொல்லவில்லை. ஒப்பந்தமே இல்லாதவன் எந்த ஆணையைக் காட்டி யாரிடம் முறையிடுவான்?

தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகு மலிவு வாடகை வீட்டு வளாகத் திட்டத்தை மத்திய அரசு மே மாதம் அறிவித்து, ஜூலை 8இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சொந்த வீடு, சொந்த வீடு என்றே பேசிவந்த அரசு வாடகைக்காரனை நினைத்தது பெரிய திருப்பம்தான். முந்தைய திட்டங்களில் கட்டி நாடு முழுவதும் காலியாகக் கிடந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அரசாங்க வீடுகளை வாடகைக்கு விடுவது அதில் ஒரு வழி. ஆனால் அவற்றில் சில ஆயிரம் வீடுகளே சண்டிகர், சூரத் போன்ற இடங்களில் வாடகைக்கு வந்தன. பி.டி.டி. சால்களின் கதை நினைவுக்கு வருகிறதா?

என் கணக்கில் ஒரு பிழை

இதுவரை அரசாங்கத்தைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

சுனாபட்டியில் எனக்கு ஓர் அறை உண்டு. 1990களில் வாங்கிய கோலி. அதில் நெல்லைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று 2006 முதல் குடியிருந்தது. அவர் பெயிண்டர், என் கடையில்தான் சாமான் எடுப்பார். அந்த அம்மா மாட்டுங்காவில் நாலு வீட்டில் வேலை செய்தார். நான் நெல்லைக்காரன் இல்லை என்றாலும் கடைக்காரன் ஆனபடியால் அவர்களுக்கு நான் 'அண்ணாச்சி'. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். ரசீது கொடுத்ததில்லை. கடையில் அரைக் கிலோ ஆணிக்கும் பில் போடுகிறவன் பதினான்கு வருட வாடகைக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை.

2020 ஏப்ரலில் வேலை நின்றது. அந்த அம்மா கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இந்த மாசம் முடியாது, கோவிச்சுக்கிடாதீங்க" என்றார். "இருக்கட்டும்மா, பாத்துக்கலாம்" என்றேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எனக்கே ஒரு திருப்தி. மே கடைசியில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பஸ் பிடித்து ஊருக்குப் போனார்கள். டெபாசிட்டில் இரண்டு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பரில் திரும்பி வந்தபோது அறையில் வேறு ஆள்.

2023இல் எங்கள் சந்துக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். 2006இலிருந்து அங்கே இருந்த குடும்பத்துக்கு 2011 கணக்கில் ஏதாவது வழி பிறந்திருக்கலாம். அந்த மனிதர் விஷயம் கேள்விப்பட்டு வந்து, "நாங்க இங்க இருந்தோம்னு ஒரு எழுத்து இருந்தா போதும்னு சொல்லுதாக அண்ணாச்சி" என்றார். ரேஷன் கார்டு ஊரில். கரண்டு பில் என் பேரில். அவர்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி என் மனசு ஒன்றுதான். அதற்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட முடியாது. அவர்கள் இப்போது அம்பர்நாத் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். கழித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பதினான்கு வருடத்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை.

டிரஸ்டைக் குறை சொல்ல நூறு வருடத்துக்கு முந்திய அறிக்கைகளைத் தேடினேன். வாடகைக்காரனைக் கணக்கில் சேர்க்காத அதே பிழை என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இனி செய்ய வேண்டியது

தாராவி இப்போது மறுபடி மாறுகிறது. 2022இல் ஏலம் முடிந்து, 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்க்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. 2000 முதல் 2011 வரை வந்தவர்க்கு வெளியே, பணம் கட்டி. மேல்மாடியில் இருந்தவர்க்கும் அதற்குப் பின் வந்தவர்க்கும் வெளியே வாடகை வீடு. மேல்மாடிக்காரர் பெரும்பாலும் வாடகைக்காரரே. அவரைக் கணக்கில் சேர்த்தது முன்னேற்றம். ஆனால் எவ்வளவு தூரத்தில், என்ன வாடகையில் என்பதைப் பொறுத்தே அது வீடாகவும் இருக்கலாம், இன்னொரு காலிச் சாலாகவும் ஆகலாம். 2024இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் பகுதியிலும் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக உள்ளது. அதை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்டு பகுதியில் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரிக் காம்பவுண்டு என்ற மறுவாழ்வுக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் வெயிலும் காற்றும் வராத வீடுகளில் காசநோய் அதிகம் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கை நீட்டினால் தொடும்போல் இடைவெளி. 1910களில் பேசிய 63½ டிகிரியை நாம் எங்கே தொலைத்தோம்? குடிசையை இடித்து இருட்டறை கொடுத்தால் அது வைத்தியம் ஆகாது. புதுவீட்டில் எத்தனை சதுர அடி என்று கேட்கிற நம்மவர்கள், ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடி வெளி என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் சமயத்தில் சமந்தபத்திரர் இயற்றிய இல்லற நெறி நூல் ஒன்று உண்டு. அதைத் தழுவித் தமிழில் அமைந்தது அருங்கலச்செப்பு. துறவியர்க்கு இல்லறத்தான் ஆற்றும் தொண்டைச் சொல்லும் இடத்தில் சமந்தபத்திரர் உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்று நான்கை ஒன்றாக வைக்கிறார். மருந்தும் உறைவிடமும் ஒரே வரிசையில் இருப்பதைச் சின்ன வயதில் மனப்பாடமாகச் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல்தான் பொருள் விளங்கியது.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, அறை வாடகைக்கு விட்டிருக்கும் நம் உறுப்பினர்கள் மாதாமாதம் ரசீது கொடுக்க வேண்டும். இரண்டு, வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களுக்கு வாக்காளர் பட்டியல், ஆதார் முகவரி, ரேஷன், பள்ளிச் சான்று ஆகியவற்றை இங்கே சரிசெய்து தரச் சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மூன்று, கணக்கெடுப்பு வரும்போது மராட்டிப் படிவத்தைப் படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருவர் கூடவே போக வேண்டும்.

நான் ரசீது கொடுக்கத் தொடங்கியபோது மகன், "அப்பா, ரசீது குடுத்தா நாளைக்கு ரூம் கைவிட்டுப் போயிடும்" என்றான். போனாலும் போகலாம். அதைப் பற்றிக் கவலையே இல்லை என்று சொல்ல நான் துறவி அல்லன். ஆனாலும் இப்போது குடியிருக்கும் குடும்பத்துக்கு முதல் தேதி தோறும் ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அடிக்கட்டையைக் கடை லெட்ஜரோடு சேர்த்து வைக்கிறேன்.